எம்.இ. சிவில்: கேட்டா, சீட்டாவா, வேலையா? தருமபுரி, கிருஷ்ணகிரி மாணவர்களுக்கு ஓர் ஒப்பீடு

தருமபுரி செட்டிக்கரை அரசுப் பொறியியல் கல்லூரியிலோ, சேலம் கருப்பூரிலோ, ஓசூர்ப் பக்கத்துத் தனியார் கல்லூரி ஒன்றிலோ பி.இ. சிவில் முடிக்கப்போகிறவர் முன்னால் பொதுவாக நான்கு வழிகள் இருக்கின்றன. முதுநிலைப் பொறியியலுக்கான அகில இந்தியத் தேர்வான கேட் எழுதி ஐ.ஐ.டி., என்.ஐ.டி. போகலாம். தமிழ்நாட்டின் எம்.இ. நுழைவுத் தேர்வான சீட்டா எழுதி அண்ணா பல்கலைக்கழக வளாகத்திலோ அரசுக் கல்லூரியிலோ எம்.இ. சேரலாம். வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் படிக்கலாம். மேற்படிப்பே வேண்டாம் என்று டி.என்.பி.எஸ்.சி.க்கு உட்காரலாம். ஜெர்மனி என்று ஐந்தாவது ஒன்றும் உண்டு. அதைக் கடைசியில் பார்ப்போம்.

இதில் முதல் இரண்டையும்தான் எல்லோரும் எதிரெதிரே நிறுத்திப் பார்க்கிறார்கள். "கேட் கஷ்டம், ஐ.ஐ.டி. கிடைக்காது, அதனால் சீட்டா போதும்" என்பது கல்லூரி விடுதிகளில் புழங்கும் கணக்கு. அந்தக் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது.

ஒரே வகுப்பு, இரண்டு விலை

கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் (ஜி.சி.டி.) எம்.இ. ஸ்ட்ரக்சுரல் (கட்டமைப்புப் பொறியியல்) வகுப்பை எடுத்துக்கொள்வோம். கேட் மதிப்பெண்ணில் வந்தவரும் சீட்டா மதிப்பெண்ணில் வந்தவரும் அங்கே ஒரே பெஞ்சில் உட்காரலாம். பாடம், ஆய்வகம், பட்டம் எதிலும் வித்தியாசமில்லை. ஆனால் கேட் தகுதி பெற்றவருக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) உதவித்தொகை மாதம் 12,400 ரூபாய், 24 மாதங்களுக்கு. மொத்தம் 2,97,600 ரூபாய். பக்கத்தில் இருப்பவருக்கு அது கிடையாது.

இந்தத் தொகைக்குப் பெரிய ரேங்க் தேவையில்லை, தகுதி மதிப்பெண்ணைத் தாண்டினால் போதும். சிவில் தாளில் பொதுப் பிரிவுக்கான தகுதி மதிப்பெண் அண்மை ஆண்டுகளில் நூற்றுக்கு முப்பதை ஒட்டிச் சற்றுக் கீழேயே இருந்திருக்கிறது. ஓ.பி.சி. பிரிவினருக்கு அதில் 90 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு மூன்றில் இரண்டு பங்கு. ஐ.ஐ.டி. மெட்ராஸ் கனவுக்கு இந்த மதிப்பெண் உதவாது. ஆனால் அதே ஜி.சி.டி. இடத்துக்கு இரண்டு வருடச் சாப்பாட்டுச் செலவையும் விடுதிச் செலவையும் கையில் கொடுத்துவிடும். இளநிலையில் முதல் பட்டதாரி சலுகையில் படித்தவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அந்தச் சலுகை எம்.இ.க்கு வராது.

உதவித்தொகை கைநழுவும் இடங்களும் உண்டு. கல்லூரி ஏ.ஐ.சி.டி.இ. ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். அனுமதிக்கப்பட்ட இடங்களுக்குள் சேர்ந்திருக்க வேண்டும். முழுநேரப் படிப்பாக இருக்க வேண்டும். மாணவர் பெயரை இணையதளத்தில் ஏற்றி அடையாள எண் உருவாக்குவது கல்லூரியின் வேலை. அலுவலகத்தில் அந்தக் கோப்பைத் தள்ளிப்போட்டால் கடைசித் தேதி போய்விடும். சேர்ந்த வாரத்திலேயே பொறுப்பாளர் யார் என்று விசாரித்து, எண் வரும்வரை விடக்கூடாது. வங்கிக் கணக்கு சாதாரண சேமிப்புக் கணக்காக, தனிப் பெயரில், ஆதார் இணைத்ததாக இருக்க வேண்டும். அம்மாவோடு சேர்ந்த கூட்டுக் கணக்கு, பத்தாவது படிக்கும்போது தொடங்கிய மைனர் கணக்கு, ஜீரோ பேலன்ஸ் கணக்கு இவற்றைக் கொடுத்தால் பணம் வராது.

இரண்டு தேர்வுகளும் கேட்பது வேறு

கேட் 3 மணி நேரம், 65 கேள்விகள், 100 மதிப்பெண். அதில் 15 பொதுத்திறன், ஏறக்குறைய 13 பொறியியல் கணிதம், மிச்சம் சிவில். சரியான விடை ஒன்று மட்டும் உள்ள கேள்விகளில் தப்பானால் ஒரு மதிப்பெண் கேள்விக்கு மூன்றில் ஒரு பங்கும் இரண்டு மதிப்பெண் கேள்விக்கு மூன்றில் இரண்டு பங்கும் குறையும். எண்ணை நாமே தட்டச்சு செய்யும் கேள்விகளுக்கும், பல விடைகள் சரியாக இருக்கும் கேள்விகளுக்கும் கழிவு கிடையாது. ஆனாலும் எண் கேள்விகளில்தான் நம் மாணவர்கள் அதிகம் விடுகிறார்கள். காரணம் எளிமையானது: சூத்திரம் தெரியும், அலகு மாற்றத்தில் தடுக்கும். திரையிலேயே இருக்கும் கால்குலேட்டரை மவுஸால் அழுத்திப் பழகாததும் ஒரு காரணம். வீட்டில் கேசியோவை மூடிவைத்துவிட்டு அதிலேயே கணக்குப் போட்டுப் பழக வேண்டும்.

சீட்டா 2 மணி நேரம், 100 கேள்விகள், விடைத்தாளில் வட்டம் நிரப்புவது. பொறியியல் கணிதம், அடிப்படைப் பொறியியல், சிவில் என மூன்று பகுதிகள்; தப்புக்குக் கழிவு உண்டு. 2023 முதல்தான் எம்.இ.க்கு இந்தப் பெயர். அதற்கு முன் டான்செட். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம் சொச்சம்தான் கிடைக்கும் என்பதால் நீண்ட கணக்குக்கு இடமில்லை. நேரடி சூத்திரமும் நினைவும் இங்கே செல்லும். கேட்டுக்குப் படித்தவர் சீட்டாவை இரண்டு மூன்று வாரத் திருப்புதலில் எழுதிவிடலாம். சீட்டாவுக்கு மட்டும் படித்தவர் கேட்டை அப்படி எழுத முடியாது. எனவே தயாரிப்பு கேட்டுக்கு, விண்ணப்பம் இரண்டுக்கும் என்பதே புத்திசாலித்தனம்.

கேட் மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம். மதிப்பெண் 3 ஆண்டு செல்லும். சீட்டா அந்த ஆண்டோடு முடிந்தது. கேட் விண்ணப்பம் ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ திறக்கும், தேர்வு பிப்ரவரியில். இறுதியாண்டில் புராஜெக்ட்டும் கேம்பஸும் சேர்ந்து அமுக்கும்போது படிப்பதைவிட, மூன்றாம் ஆண்டில் ஒருமுறை எழுதி எந்தப் பாடம் வலு, எது சொத்தை என்று பார்த்துவிடுவது நல்லது. சிவிலோடு சேர்த்து இரண்டாவது தாளாகச் சுற்றுச்சூழல் அறிவியல் மற்றும் பொறியியலையும் எழுதலாம். அந்தத் தாள் 2021-ல் வந்தது. நீர், கழிவுநீர் துறைக்குப் போக நினைப்பவருக்கு அது உண்மையிலேயே இன்னொரு கதவு.

கலந்தாய்வில் நழுவும் இடங்கள்

ஐ.ஐ.டி.களுக்கு சி.ஓ.ஏ.பி. தளம், என்.ஐ.டி.களுக்கு சி.சி.எம்.டி., தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் கலந்தாய்வு. மூன்றும் தனித்தனி. ஆண்டுதோறும் பலர் சறுக்குவது முதலாவதில்: சி.ஓ.ஏ.பி.யில் பதிவு செய்துவிட்டு, ஒவ்வோர் ஐ.ஐ.டி.யின் தளத்திலும் தனியாக விண்ணப்பிக்க மறந்துவிடுகிறார்கள். சி.ஓ.ஏ.பி. இடத்தைக் காட்டும் பலகை மட்டுமே. விண்ணப்பம் அந்தந்த ஐ.ஐ.டி.யில்தான், அதுவும் கேட் முடிவு வந்த கையோடு. தமிழ்நாட்டுக் கலந்தாய்வு இவற்றுக்கெல்லாம் பிறகு வருவதால் அது தானாகவே பாதுகாப்பு வலையாக அமைகிறது. கேட் மதிப்பெண் இருந்தால் சீட்டா எழுதாமலே இதில் கலந்துகொள்ளலாம். கேட் மாணவர்களுக்கு முதலில் இடம் ஒதுக்குவது வழக்கம்.

இட ஒதுக்கீடும் கணக்கை மாற்றும். மத்திய நிறுவனங்களில் ஓ.பி.சி. 27 சதவீதம். தமிழ்நாட்டில் மொத்தம் 69, அதில் பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. 20. நம் மாவட்டங்களின் எம்.பி.சி. மாணவர் ஒருவருக்கு என்.ஐ.டி.யில் எட்டாத பிரிவு, கிண்டி பொறியியல் கல்லூரியில் எட்டலாம். கிண்டியைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய அந்தக் கல்லூரியில் மண் இயக்கவியல், நீரியல், போக்குவரத்து என்று சிவிலுக்குள் இருக்கும் பிரிவுகளின் அகலம் தமிழ்நாட்டில் மாநில அரசின் வேறு கல்லூரிகளில் இல்லை.

பெங்களூரு பக்கம்தானே என்று ஓசூர்க்காரர்கள் கர்நாடகத்தின் முதுநிலை நுழைவுத் தேர்வான பி.ஜி.சி.இ.டி.யை நினைப்பதுண்டு. அங்கே அரசு ஒதுக்கீடு முதன்மையாகக் கர்நாடக மாணவர்களுக்கே. பெங்களூரில் குறிவைக்க வேண்டியது இந்திய அறிவியல் கழகம் (ஐ.ஐ.எஸ்சி.) மட்டும், அதற்கும் கேட்தான்.

கேட் இல்லாமலே ஐ.ஐ.டி. மெட்ராஸ், திருச்சி என்.ஐ.டி. போன்ற இடங்களில் எம்.டெக். படிக்க ஒரு வழி உண்டு: எல் அண்ட் டி நிறுவனத்தின் பில்ட் இந்தியா ஸ்காலர்ஷிப். இறுதியாண்டு சிவில் மாணவர்களுக்கு எழுத்துத் தேர்வும் நேர்காணலும் வைத்து எடுக்கிறார்கள். கட்டுமானத் தொழில்நுட்பம் மற்றும் மேலாண்மைப் படிப்பு. கட்டணத்தை நிறுவனம் கட்டும், மாதம் உதவித்தொகை தரும், முடிந்ததும் அங்கே ஒப்பந்தக் காலம் வேலை பார்க்க வேண்டும். ஊரை விட்டுத் தொலைதூர சைட்டுக்குப் போகத் தயங்காதவருக்கு இதற்கு இணையான பேரம் அபூர்வம். இறுதியாண்டு தாண்டினால் வாய்ப்பு போயிற்று.

எந்தப் பிரிவு?

பத்தில் எட்டுப் பேர் ஸ்ட்ரக்சுரல் என்பார்கள். கல்லூரிகளும் அதையே அதிகம் நடத்துகின்றன. செலவு குறைவு, ஆசிரியர் கிடைப்பார். நல்ல இடத்தில் படித்தால் அது வலுவான பிரிவுதான்: பெங்களூரு டிசைன் அலுவலகங்கள், ஓசூர், சூளகிரி, போச்சம்பள்ளித் தொழிற்சாலைகளுக்கான பி.இ.பி. (முன்தயாரித்த எஃகுப் பாகங்களால் எழுப்பும்) கட்டடங்கள், கனரகத் தளங்கள். ஆனால் இரண்டாம் தரக் கல்லூரி ஒன்றில் ஈடாப்ஸ், ஸ்டாட் என்ற வடிவமைப்பு மென்பொருள்களில் பொத்தானை அழுத்த மட்டும் கற்றுக்கொண்டு வெளிவரும் ஸ்ட்ரக்சுரல் எம்.இ.தான் இன்றைய சந்தையில் மிகவும் மலிந்த பட்டம். ஒரு ஃபூட்டிங்கை (தூணின் அடித்தளத்தை) கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநூல் ஐ.எஸ். 456-ஐ வைத்துக் கையால் வடிவமைக்கச் சொன்னால் திணறுபவரை எந்த டிசைன் அலுவலகமும் எடுக்காது. அந்த வேலைக்கு பி.இ. முடித்துச் சேர்ந்து இரண்டு வருடம் வரைபடம் பார்த்தவர் மேல்.

நம் மாவட்டங்களின் மண்ணே வேறு பிரிவுகளைக் காட்டுகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு நெடுநாள் சிக்கல். குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரத்தில் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு நீராதாரம் இல்லையென்றால் 1.5 வரை. அதற்காகவே ஜப்பானிய நிதியுதவியுடன் வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் இயக்கத்துக்கு வந்தது. படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்து ஃப்ளோரைடை இறக்கும் நல்கொண்டா முறை, ஆக்டிவேட்டட் அலுமினா, ஆர்.ஓ. மூன்றில் எதை எங்கே வைப்பது, கழிவை என்ன செய்வது என்பது சுற்றுச்சூழல் பொறியியலில் அன்றாட வேலை. ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதும் அதே துறையின் கேள்வி. சிப்காட் ஆலைகளின் கழிவுநீர் நிலைய வடிவமைப்பு, இயக்கம், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய ஒப்புதல் என்று தனியார் வேலையும் அக்கம்பக்கத்திலேயே இருக்கிறது. வேதியியல் பிடிக்காதவர் மட்டும் இதில் இறங்க வேண்டாம்.

போக்குவரத்துப் பொறியியலுக்குத் தொப்பூர் கணவாயைவிட நல்ல பாடம் வேண்டுமா? இறக்கம், வளைவு, சூடான பிரேக், கனரக வண்டி எல்லாம் ஒரே நெடுஞ்சாலைத் துண்டில். கிருஷ்ணகிரியில் தேசிய நெடுஞ்சாலை 44, 48, 77 மூன்றும் கூடுகின்றன. சாலைத் தள வடிவமைப்புக்கான ஐ.ஆர்.சி. 37, போக்குவரத்துப் பாய்ச்சலுக்கான விஸ்ஸிம் மென்பொருள் இரண்டையும் கையில் வைத்திருப்பவர் குறைவு, தேவை கூடுதல்.

ஜியோடெக்னிக்கல் (மண், பாறை, அடித்தளம் பற்றிய பிரிவு) இங்கே பாறையோடு பிழைப்பது. சிதைந்த பாறையில், குழாயைச் சுத்தியால் அடித்து இறக்கிப் பார்க்கும் எஸ்.பி.டி. சோதனை சில மீட்டரிலேயே மறுப்புக்கு, அதாவது மேலே இறங்காத நிலைக்கு, வந்துவிடும். அதோடு அறிக்கையை முடிக்கிறவர் ஏராளம். துளையிட்டு உருளைப் பாறை மாதிரி (கோர்) எடுத்து, பாறையின் தரத்தைக் காட்டும் ஆர்.க்யூ.டி. கணக்கிட்டு, அது உருண்டைப் பாறையா தொடர்பாறையா என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் மதிப்பு. இடங்கள் குறைவு என்பதால் கேட் மதிப்பெண்ணும் ஸ்ட்ரக்சுரலைவிடச் சற்றுத் தளர்வாக அமைவதுண்டு.

கட்டுமான மேலாண்மை புதியவர்களுக்கல்ல. ஒரு சைட்டில் பில் போட்டு, கம்பி எண்ணி, ஒப்பந்தக்காரரோடு மல்லுக்கு நின்ற பிறகு படித்தால்தான் பிரைமவேரா என்ற திட்டமிடல் மென்பொருளில் போடும் கோடுகளுக்கு அர்த்தம் புரியும். நிக்மார் போன்ற தனியார் நிறுவனங்களும் இதைத்தான் நடத்துகின்றன. கட்டணம் பல லட்சம். கடன் வாங்கிச் சேரும் முன் ஐந்து வருட மாதத் தவணையைக் கணக்குப் போட வேண்டும்.

மற்ற வழிகள்

பகுதிநேர எம்.இ. மூன்று ஆண்டு. உதவித்தொகை இல்லை, பணிச் சான்று வேண்டும். பதவி உயர்வுக்குப் பட்டம் தேவைப்படும் அரசு ஊழியருக்கு ஏற்றது. ஓசூரில் இரவு ஷிப்ட் கான்கிரீட் பார்ப்பவர் மாலை வகுப்புக்குச் சேலம் ஓடுவது நடைமுறையில் இரண்டு செமஸ்டர் தாண்டாது.

உதவிப் பொறியாளர் பணிதான் குறி என்றால் எம்.இ. தேவையே இல்லை. டி.என்.பி.எஸ்.சி.க்கு பி.இ. போதும், மேற்பட்டத்துக்குக் கூடுதல் மதிப்பெண் கிடையாது. பொறியியல் சேவைத் தேர்வுக்கும் அப்படியே. பொறியியல் கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கு மட்டும் எம்.இ. கட்டாயம், இளநிலை, முதுநிலை இரண்டில் ஒன்றிலாவது முதல் வகுப்பு வேண்டும்.

ஜெர்மனியில் பல அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் செமஸ்டருக்கு 1,500 யூரோ உண்டு, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலையும் இப்போது வெளிநாட்டவரிடம் வாங்குகிறது. இந்திய மாணவர்களுக்குக் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்று கட்டாயம். மாதாமாதம் மட்டுமே எடுக்க முடிகிற முடக்கக் கணக்கில் (பிளாக்டு அக்கவுன்ட்) ஓராண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். ஆங்கிலத்தில் படித்து முடித்தாலும், கட்டுமானத் துறையில் வேலைக்கு ஜெர்மன் மொழி பேசாமல் ஆகாது; வரைபடம், ஒப்பந்தம், மேஸ்திரி எல்லாம் ஜெர்மனில். வங்கிக் கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் பெரும்பாலும் சொத்துப் பிணை கேட்பார்கள்.

ஐ.ஐ.டி., என்.ஐ.டி. பக்கம் போகிற பி.சி., எம்.பி.சி. மாணவர் ஓ.பி.சி. சான்று ஒன்றை முன்கூட்டியே கவனிக்க வேண்டும். கையில் இருக்கும் பி.சி., எம்.பி.சி. சமூகச் சான்று மத்திய நிறுவனங்களின் கலந்தாய்வில் செல்லாது. மத்தியப் பட்டியலில் சாதி இருக்கிறதா என்று பார்த்து, கிரீமி லேயர் அல்லாத ஓ.பி.சி. சான்றை மத்திய வடிவில், அந்த ஆண்டு ஏப்ரல் 1-க்குப் பின் தேதியிட்டு வாங்க வேண்டும். அதற்கான 8 லட்ச ரூபாய் ஆண்டு வருமான வரம்பில் பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. இது தெரியாமல் தாங்களே விண்ணப்பிக்காமல் விட்டவர்கள் உண்டு. இ-சேவை மையத்தில் ஏப்ரல் முதல் வாரமே போட்டுவிடுங்கள். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று மூன்று மேசை தாண்டி வருவதற்குள் சி.சி.எம்.டி. பதிவு தொடங்கிவிடும்.