மே மாதத்தில் நாகர்கோவில்: ஒரு வாடகைக் காரும் அதன் ஓட்டுநரும்

கரூரிலிருந்து கோடை விடுமுறைக்குக் கிளம்பும்போது எல்லோரும் போடுகிற திட்டத்தைத்தான் நாங்களும் போட்டிருந்தோம். கன்னியாகுமரியில் சூரிய உதயம், பகலில் படகு, சாயங்காலம் அங்கேயே அஸ்தமனம், மறுநாள் திற்பரப்பு அருவி. நாகர்கோவில் ஜங்ஷனுக்கு வெளியே பேசிய வாடகைக் கார்த் தம்பி அதை முழுதாகக் கேட்டுக்கொண்டார். அப்புறம் சொன்னார்: "அக்கா, உதயம் கடல்ல கிட்டும். அஸ்தமனம் இந்த மாசத்துல அங்க கடல்ல கிட்டாது, கரைப் பக்கமா சாஞ்சிரும். முட்டம் கடற்கரைக்குப் போவோம்." சனி, ஞாயிறு இரண்டு நாளைக்கும் இவர்தான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். நாள் வாடகை 3,000 ரூபாய், 150 கிலோமீட்டர் வரை. அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 14 ரூபாய்.

குமரி மாவட்டத்தில் எந்த இடம் நல்ல இடம் என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எந்த இடத்துக்கு எந்த நேரத்தில் போக வேண்டும் என்று சொல்ல ஆள் குறைவு. வெயில் காலத்தில் அதுதான் முக்கியம், அதிலும் வயதானவர்களைக் கூட்டிப் போனால். எங்கள் அத்தைக்கு எழுபத்திரண்டு வயது, முழங்கால் வலி வேறு.

சனிக்கிழமை ஏழு மணிக்கே படகுத் துறையில் இறக்கிவிட்டார். பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகு எட்டு மணிக்குத்தான் கிளம்பும், ஆனால் அதற்குள் வரிசை நீண்டுவிடுகிறது. சீக்கிரம் போகச் சொன்னதன் காரணம் பாறையில் ஏறிய பிறகு புரிந்தது. விவேகானந்தர் மண்டபத்துக்குச் செருப்பைக் கழற்ற வேண்டும். வெயில் ஏறிவிட்டால் அந்தக் கல்தரையில் கால் வைக்க முடியாது. அங்கிருந்து திருவள்ளுவர் சிலைக்கு இப்போது கண்ணாடிப் பாலத்தில் நடந்தே போகலாம். 77 மீட்டர் நீளம், 2024 டிசம்பர் 30 அன்று திறந்தது. முன்பெல்லாம் கடல் மட்டம் தாழ்ந்தால் சிலைக்குப் படகு போகாது, வந்தவர்கள் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். அத்தை என் கையைப் பிடித்தபடி, காலுக்குக் கீழே அலை உடைவதைப் பார்த்துக்கொண்டே கடந்தார். 133 அடிச் சிலையின் நிழலில் உட்கார்ந்ததும் அவர் கேட்டது தண்ணீரைத்தான். கையில் பாட்டில் இல்லாமல் போகாதீர்கள்.

உச்சி வெயிலுக்குப் பத்மநாபபுரம் அரண்மனை. இதைவிட நல்ல யோசனை இருக்க முடியாது. தக்கலைக்குப் பக்கத்தில், தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் கேரள அரசின் பராமரிப்பில் இருக்கிறது. ஓட்டுக் கூரை, மரச்சட்டச் சன்னல்கள், கண்ணாடிபோல் மின்னும் கருந்தரை. வெளியே தீயாக அடித்தாலும் உள்ளே குளுமை. திங்கட்கிழமை விடுமுறை, மதியச் சாப்பாட்டு நேரத்தில் டிக்கெட் கொடுப்பதை நிறுத்துவார்கள் என்பதை முன்பே சொல்லி, அதற்கேற்ப எங்களை முதலில் சாப்பிட வைத்தார். மரச்சீனியும் (நம்ம ஊர் மரவள்ளிக்கிழங்கு) மீன் கறியும். வெளியே வந்து ஒரு பழக்கடையில் மட்டிப்பழம் வாங்கிக் கொடுத்தார். சின்னப் பழம், மெல்லிய தோல், வாசனை தூக்கும். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த பழம். கரூரில் எங்கள் கண்ணில் பட்டதே இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் எங்களிடம் கறாராக இருந்தார். முட்டம் போகும் வழியில் ஒரு கடற்கரையில் என் மகன் தண்ணீரில் இறங்கக் கேட்டான். கடல் அமைதியாகத்தான் இருந்தது. "வேண்டாம் மக்கா, இது கள்ளக்கடல் சமயம்" என்றார். ஏப்ரல், மே மாதங்களில் தெற்கே வெகு தூரத்துப் பெருங்கடலில் எழும் அலைகள் இங்கே கரையைத் தொடும்போது, உள்ளூரில் காற்றோ மழையோ எந்த அறிகுறியும் இருக்காது. 2024 மே மாதம் இதே மாவட்டத்தில் உள்ள லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அப்படித்தான் உயிரிழந்தார்கள். மே மாதத்தில் வருகிறவர்கள், கடல் நிலையைக் கணித்துச் சொல்லும் மத்திய அரசின் இன்காய்ஸ் மையத்தின் எச்சரிக்கை இருக்கிறதா என்று செய்தியில் பார்த்துவிட்டுக் கடற்கரைக்குப் போங்கள். உள்ளூர்க்காரர் வேண்டாம் என்றால் வாதாடாதீர்கள். மகன் கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். முட்டத்தில் பாறைமேல் உட்கார்ந்து சூரியன் கடலுக்குள் இறங்கியதைப் பார்த்ததும் சரியாகிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மலைப்பக்கம். கிளம்புவதற்கு முன்பே திற்பரப்பில் தெரிந்த கடைக்காரருக்குப் போன் போட்டு, தண்ணீர் விழுகிறதா, குளிக்க விடுகிறார்களா என்று விசாரித்தார். மேலே கோடை மழை பலமாகப் பெய்தால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். நாங்கள் போன அன்று அளவான தண்ணீர். அத்தையும் ஓரமாக நின்று தலை நனைத்தார். மாத்தூர் தொட்டிப்பாலம் திரும்பும் வழியில். பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குப் பாசனத் தண்ணீரைக் கொண்டுபோகிற பாலம், 1966இல் கட்டியது. மே மாதத்தில் தொட்டி காய்ந்துதான் கிடக்கும். இதற்குத் தண்ணீர் விடும் அணையை வழக்கமாக ஜூனில்தான் திறப்பார்கள். தண்ணீர் ஓடுவதைப் பார்க்க ஆசை என்றால் பயணத்தை அதற்கேற்பத் தள்ளி வையுங்கள். ஆனால் அப்போது தென்மேற்குப் பருவமழையும் வந்துவிடும்.

குறைகள் இரண்டு. மலை ஏற்றத்தில் ஏசி குளிரவே இல்லை, பின் சீட்டில் மூன்று பேர் வியர்த்துக் கொட்டினோம். இரவு எட்டு மணிக்கு மேல் போனால் மணிக்கு 150 ரூபாய் கூடுதல் என்பதை முட்டத்திலிருந்து திரும்பும்போதுதான் சொன்னார். தொகை பெரிதில்லை, காலையிலேயே சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் யாரைப் பேசினாலும் இதை முதலில் கேட்டுவிடுங்கள். டோல், பார்க்கிங் நம் செலவு. பணம் ஜிபேயில் வாங்கிக்கொள்கிறார். மே மாதத்து முகூர்த்த நாட்களில் அங்கே கார் கிடைப்பது கஷ்டமாம், ஒரு வாரம் முன்னதாகவே சொல்லி வைப்பது நல்லது.