வருமான வரிப் படிவம்: தாளா, இணையமா?

மார்ச் வந்தாலே சிங்கப்பூர் வீடுகளில் இந்தக் கேள்வி எழும்.

கெடு: தாளுக்கு ஏப்ரல் 15, இணையத்துக்கு ஏப்ரல் 18.

ஒப்புகை: இணையத்தில் உடனே கிடைக்கும். தாளைத் தபாலில் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

உழைப்பு: இதில்தான் பெரிய வித்தியாசம். முதலாளி உங்கள் வருமான விவரத்தை வரி ஆணையத்துக்கு நேரடியாக அனுப்புபவர் என்றால், இணையப் படிவத்தில் சம்பளம் ஏற்கெனவே நிரம்பியிருக்கும், சரிபார்த்தால் போதும். வாடகை வருமானம் இருந்தால் மறக்காமல் சேர்த்துவிடுங்கள்.

சிங்பாஸ் (அரசு இணையச் சேவைகளில் நுழையும் தனிநபர் கணக்கு) உள்ள எவருக்கும் இணையமே நல்லது. கைப்பேசியே பழக்கமில்லாத முதியவருக்குத் தாள் சரி. ஆனால் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் அவராலும் முடியும். கடவுச்சொல்லை மட்டும் அவரே அழுத்தட்டும்.

கணக்காளர்களே, வாடிக்கையாளரின் சிங்பாஸைக் கேட்காதீர்கள். முறைப்படி அனுமதி வாங்கி, நிறுவனங்கள் அரசு இணையச் சேவைகளைப் பயன்படுத்துவதற்கான கார்ப்பாஸ் வழியே தாக்கல் செய்யுங்கள்.