பிக்கப் வண்டிக்கு எந்த ஆயில், எப்போது மாற்றுவது?

பிக்கப் வைத்திருக்கும் இருவர் டீக்கடையில் சேர்ந்தால் ஆயில் பேச்சு வராமல் போகாது. வந்தால் அது பிராண்டில்தான் தொடங்கும். ஒருவர் கேஸ்ட்ரால் கட்சி, இன்னொருவர் அப்பா காலத்திலிருந்து சர்வோ. மூன்றாமவர் கம்பெனி சர்வீஸில் எதை ஊற்றுகிறார்களோ அதுதான் ஆயில் என்பார். இந்தச் சண்டைக்குள் நான் இறங்கப்போவதில்லை. இந்தியன் ஆயிலின் சர்வோவோ, பாரத் பெட்ரோலியத்தின் மேக்கோ, ஷெல்லின் ரிமுலாவோ, முறையாக உரிமம் வாங்கி ஒரே தரக்குறியீட்டை அச்சிட்டிருந்தால், அவை தாண்டிய தேர்வுகள் ஒன்றேதான். கம்பெனி ஆயில் என்பதும் பெரும்பாலும் வெளி நிறுவனம் தயாரித்து வண்டிக் கம்பெனியின் பெயரோடு வருவதுதான். அசோக் லேலண்டும் கல்ஃப் ஆயிலும் ஒரே இந்துஜா குழுமத்தைச் சேர்ந்தவை என்று தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

டப்பாவைத் திருப்பிப் பின்பக்கம் படிக்க வேண்டும். வண்டி ஓடும் விதத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். பொலேரோ பிக்கப், தோஸ்த், டாடா யோதா, ஏன் குட்டியானை வரைக்கும் இது பொருந்தும்.

சி.ஐ-4 பிளஸா, சி.கே-4-ஆ?

அமெரிக்கப் பெட்ரோலியத் துறையின் அமைப்பான ஏ.பி.ஐ. டீசல் ஆயில்களுக்கு ‘சி’ வரிசையில் குறியீடு தருகிறது. சி.ஐ-4 வந்தது 2002-இல். அதைக் கொஞ்சம் உறுதிப்படுத்திய சி.ஐ-4 பிளஸ் 2004-இல். சி.ஜே-4 2006-இல். இப்போதைய சி.கே-4 2016 டிசம்பரில். சி.எஃப்-4 என்று அச்சிட்ட மலிவு ஆயில் உங்கள் ஊர்க் கடையில் இன்னும் தூசி படிந்து நின்றால், அது காலாவதியான குறியீடு. விலையைப் பார்த்துச் சபலப்பட வேண்டாம்.

சி.ஐ-4 வகைக்கும் சி.கே-4-க்கும் உள்ள முக்கிய வேறுபாடு சாம்பல். ஆயிலில் கலந்திருக்கும் கால்சியம், மக்னீசியம், துத்தநாகச் சேர்மங்கள்தான் இன்ஜினைச் சுத்தமாகவும் தேயாமலும் வைக்கின்றன. ஆனால் ஆயில் துளித்துளியாக எரியும்போது இவை சாம்பலாக மிஞ்சும். பழைய வண்டியில் அந்தச் சாம்பல் சைலன்சர் வழியாக வெளியே போய்விடும். புதிய புகைக் கட்டுப்பாட்டு விதியான பி.எஸ்.6-இன்படி வந்த பெரும்பாலான வண்டிகளில் வழியில் டி.பி.எஃப். என்ற புகை வடிகட்டி நிற்கிறது. அதில் சிக்கும் கரி 600 டிகிரி அளவுக்குச் சூடேறும்போது எரிந்து போகும். சாம்பல் எரியாது. அது சேர்ந்துகொண்டே போய் ஒருநாள் வடிகட்டியை அடைக்கும். அதனால்தான் சி.கே-4-இல் சாம்பல் 1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு கட்டினார்கள். ஐரோப்பியக் குறியீடான ஏ.சி.இ.ஏ. சி3 இன்னும் கறார், 0.8 சதவீதம்தான். சி.ஐ-4 ஆயில்கள் பெரும்பாலும் இதைத் தாண்டியே இருக்கும்.

அப்படியானால் எல்லோரும் சி.கே-4-க்கு மாறிவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். மாறினால் கெடுதல் இல்லை, பழைய வண்டிக்கும் அது ஒத்துப்போகும். ஆனால் கூடுதல் பணம் கொடுக்க வலுவான காரணம் இருக்கிறதா என்றால், பி.எஸ்.3, பி.எஸ்.4 வண்டிக்கு இல்லை. சி.ஐ-4 பிளஸின் காரத்தன்மை பொதுவாகச் சற்று அதிகம். பி.எஸ்.3 டீசலில் பத்து லட்சத்துக்கு 350 பங்கு கந்தகம் இருந்த காலத்தில், எரியும்போது உண்டாகும் அமிலத்தை முறிக்க அது தேவைப்பட்டது. 2017 ஏப்ரலில் நாடு முழுவதும் பி.எஸ்.4 வந்தபோது அது 50 பங்காகவும், 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்தபோது 10 பங்காகவும் குறைந்தது. இன்று பெட்ரோல் பங்கில் பழைய வண்டிக்கும் அதே 10 பங்கு கந்தக டீசல்தான் கிடைக்கிறது. ஆகவே பழைய வண்டிக்கு இரண்டு ஆயிலுமே தாராளம். மலிவானதை ஊற்றலாம்.

எதிர்த்திசையில் இந்தச் சலுகை கிடையாது. டி.பி.எஃப். உள்ள பி.எஸ்.6 வண்டியில் சி.ஐ-4 ஊற்றி மிச்சம் பிடிக்கும் சில நூறு ரூபாய், வடிகட்டி மாற்றும் நாளில் பல மடங்காகப் போகும்.

குறியீடு ஒன்றே வேதவாக்கும் இல்லை. சி.கே-4 வந்த புதிதில் அமெரிக்காவில் ஃபோர்டு தன் பவர் ஸ்ட்ரோக் டீசல் பிக்கப்களுக்கு அந்த எழுத்து மட்டும் போதாது என்று சொல்லி, பாஸ்பரஸ் அளவு குறையாத ஆயிலுக்கெனத் தனித் தரம் வைத்தது. வண்டியோடு வரும் கையேட்டில் ஏதாவது சிறப்புத் தரம் எழுதியிருந்தால், டப்பாவில் அதே எழுத்து இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

15டபிள்யூ-40 மினரலா, 5டபிள்யூ-30 சிந்தடிக்கா?

மினரல் என்பது கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுத்தது, சிந்தடிக் என்பது வேதிமுறையில் உருவாக்கியது. ‘டபிள்யூ’வுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் ஆயில் எவ்வளவு இளகி ஓடுகிறது என்பதைச் சொல்கிறது. 15டபிள்யூ ஆயிலைக் கழித்து 20 டிகிரியில் சோதிக்கிறார்கள். 5டபிள்யூ ஆயிலைக் கழித்து 30-இல். ஜனவரி விடியலில் ஊட்டியில் புல் வெள்ளையாக உறைந்து கிடக்கும்போதுகூட வெப்பநிலை சுழியை ஒட்டித்தான் இருக்கும். குளிரில் சுலபமாக ஸ்டார்ட் ஆகும் என்று தமிழ்நாட்டில் 5டபிள்யூ விற்பவர் லடாக்குக்கான காரணத்தை நமக்குச் சொல்கிறார். ஸ்டார்ட் செய்தவுடன் ஆயில் சற்று வேகமாக மேலே ஏறும் என்பது மெய்தான். நம் தட்பவெப்பத்தில் அந்த வேறுபாடு சிறியது.

பின்னால் உள்ள எண்தான் நமக்கு முக்கியம். இன்ஜின் கொதிக்கக் கொதிக்க ஓடும்போது பேரிங்கில் நிற்கும் ஆயில் படலத்தின் வலிமை இதில் அடங்குகிறது. 150 டிகிரியில் அதிவேக உராய்வில் அளக்கும்போது 15டபிள்யூ-40 குறைந்தது 3.7 சென்டிபாய்ஸ் (பிசுப்பின் அலகு) காட்ட வேண்டும். 5டபிள்யூ-30-க்கு 2.9 போதும். ஆனால் அதே 5டபிள்யூ-30 டப்பாவில் ‘சி3’ என்றும் இருந்தால் குறைந்தது 3.5. ‘சி2’ என்றால் மீண்டும் 2.9. முன்பக்கம் ஒரே எண் போட்ட இரண்டு டப்பாக்களுக்குள் இவ்வளவு தூரம். கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார், அவருக்கும் பெரும்பாலும் தெரியாது.

உரமூட்டை ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர்ப் பாதையில் ஏறி, கேரட்டும் முட்டைக்கோஸுமாக இறங்கும் வண்டிக்கு, கையேடு 15டபிள்யூ-40-ஐ அனுமதித்தால் நான் அதைத்தான் சொல்வேன். இரண்டாம் கியரில் முக்கிக்கொண்டு ஏறும் இன்ஜினுக்குத் தடித்த படலம் வேண்டும். இப்படி மலையிலேயே கிடக்கும் வண்டிக்கு 15டபிள்யூ-40-இலேயே சிந்தடிக் கிடைத்தால் இன்னும் நல்லது. டர்போவின் சூட்டில் அது மினரலைப் போலச் சீக்கிரம் தடித்துக் கறுத்துப் படியாது. கையேடு 5டபிள்யூ-30 மட்டும்தான் என்று கறாராகச் சொன்னால் அதை மீற வேண்டாம். அந்த இன்ஜினின் ஆயில் பம்பும் இடைவெளிகளும் அதற்கேற்ப அமைந்தவை, வாரண்டியும் அதைச் சார்ந்தே இருக்கிறது.

பணக் கணக்கு

சிந்தடிக் விற்பவர்கள் சொல்லும் இரண்டு வாக்குறுதிகள்: அதிக கிலோமீட்டர் தாங்கும், டீசல் மிச்சமாகும். ஒரு மாதிரிக் கணக்குப் போடலாம். இன்ஜினுக்கு 6 லிட்டர். மினரல் லிட்டர் 350 ரூபாய், சிந்தடிக் 750, ஃபில்டர் 350 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 40,000 கிலோமீட்டர் ஓட்டம்.

மினரலை 10,000-க்கு ஒருமுறை மாற்றினால் ஆண்டுக்கு 9,800 ரூபாய். சிந்தடிக்கையும் அதே 10,000-இல் மாற்றினால் 19,400. சிந்தடிக்கை 20,000 வரை இழுத்தால் 9,700. ஆக, இடைவெளியை இரட்டிப்பாக்கினால்தான் சிந்தடிக் மினரலோடு சமமாகவே நிற்கிறது.

டீசல் மிச்சத்தையும் பார்த்துவிடலாம். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் என்றால் 40,000-க்குச் சுமார் 3,330 லிட்டர், டீசலுக்குச் சுமார் மூன்று லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மெல்லிய ஆயிலால் 1 சதவீதம் மிச்சமானால் 3,000 ரூபாய். மேலே பார்த்த 9,600 ரூபாய்ப் பள்ளத்தை அது நிரப்பாது. 3 சதவீதத்துக்கு மேல் மிச்சமானால்தான் நிரப்பும். லோடு வண்டியில் ஆயிலை மட்டும் மாற்றி 3 சதவீதம் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். டயர் காற்றைச் சரியாக வைத்தாலே அதைவிட நிச்சயமான பலன்.

கிலோமீட்டரா, மணி நேரமா?

என் பார்வையில் மற்ற எல்லாக் கேள்விகளையும்விட இது பெரியது. சேலத்திலிருந்து சென்னைக்கு நெடுஞ்சாலையில் சராசரி 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் பிக்கப், 10,000 கிலோமீட்டரை 200 மணி நேரத்தில் முடித்துவிடும். சென்னைக்குள்ளேயே பார்சலோ தண்ணீர் கேனோ இறக்கிக்கொண்டு சராசரி 15-இல் ஊரும் வண்டிக்கு அதே 10,000 கிலோமீட்டர் கிட்டத்தட்ட 667 மணி நேரம். மீட்டர் இரண்டிலும் ஒன்றையே காட்டுகிறது. ஆயில் பட்ட பாடு மூன்று மடங்குக்கு மேல். டிராக்டர்காரர்கள் மணிக் கணக்கில் ஆயில் மாற்றுவது இதனால்தான். பிக்கப்காரர்களுக்கு மணி மீட்டர் இல்லாததால் கிலோமீட்டரை நம்பி ஏமாறுகிறோம்.

பி.எஸ்.6 நகர வண்டிக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. டி.பி.எஃப்.-இல் சேர்ந்த கரியை எரிக்க இன்ஜின் அவ்வப்போது கூடுதல் டீசலைப் பீய்ச்சும். நெடுஞ்சாலையில் இது ஒரே மூச்சில் முடியும். நகரத்தில் பாதி எரிந்துகொண்டிருக்கும்போதே டிரைவர் அடுத்த கடை வாசலில் சாவியைத் திருப்பிவிடுவார். மறுபடி தொடங்கும், மறுபடி நிற்கும். எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து கீழே ஆயிலோடு கலக்கும். ஆயில் கம்பியைத் துடைத்துப் பார்த்தால் போன வாரம் நடுவில் நின்ற மட்டம் இப்போது மேல்கோட்டைத் தாண்டியிருக்கும், முகர்ந்தால் டீசல் வாடை தெரியும். ஆயில் குறையவே இல்லை என்று மகிழ்ந்துபோகும் உரிமையாளர்கள் உண்டு. கூடும் ஆயில் குறையும் ஆயிலைவிட ஆபத்து, உடனே மாற்ற வேண்டும். இங்கே சிந்தடிக்கும் காப்பாற்றாது, விலையுயர்ந்த ஆயிலிலும் டீசல் அதே அளவுதான் கலக்கிறது.

கறுப்பு நிறத்தைப் பார்த்து மாற்றுவது இன்னொரு வழக்கம். டீசல் இன்ஜினில் புது ஆயில் சில நூறு கிலோமீட்டரிலேயே கறுத்துவிடும். கரியைத் தன்னுள் மிதக்கவைப்பது அதன் வேலை. விரலில் தேய்த்துப் பார்த்துப் பிசுபிசுப்புப் போய்விட்டது என்று தீர்ப்புச் சொல்லும் மெக்கானிக்கின் அனுபவத்தை மதிக்கிறேன், அந்தச் சோதனையை மதிக்கவில்லை. அதைவிட, சூடான இன்ஜினின் ஆயில் கம்பியிலிருந்து ஒரு சொட்டை வடிதாளில் விட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். கறுப்பு மெல்ல மெல்ல வெளிறிச் சாம்பல் வட்டமாகப் பரவியிருந்தால் ஆயிலுக்கு இன்னும் தெம்பு இருக்கிறது. நடுவில் மைப்பொட்டு மாதிரி அடர்ந்து, ஓரம் கத்தியால் வெட்டியதுபோல நின்றிருந்தால் கரியைச் சுமக்கும் திறன் போய்விட்டது. பத்துப் பதினைந்து வண்டி வைத்திருப்பவர் ஆய்வகத்துக்கே மாதிரி அனுப்பி இரும்பு, கரி, டீசல் கலப்பு அளவுகளைப் பார்த்து இடைவெளியை முடிவுசெய்யலாம். ஒற்றை வண்டிக்காரருக்கு வடிதாள் போதும்.

எந்த வண்டிக்கு எது

நெடுஞ்சாலையில் ஓடும் பி.எஸ்.3, பி.எஸ்.4 வண்டி: மினரல் 15டபிள்யூ-40, சி.ஐ-4 பிளஸ், கையேட்டில் சொன்ன கிலோமீட்டர். யோசிக்கவே வேண்டாம். அதே வண்டி நகருக்குள் கிடந்தால் அதே ஆயில், பாதி இடைவெளி.

டி.பி.எஃப். உள்ள பி.எஸ்.6, நெடுஞ்சாலை: மலையிலேயே கிடக்கும் வண்டியை விட்டால், சிந்தடிக் தன் விலைக்கு நியாயம் செய்யும் ஒரே இடம் என்று நான் கருதுவது இதைத்தான், அதுவும் கையேடே நீண்ட இடைவெளியைத் தந்திருந்தால். கையேடு தராத கிலோமீட்டரை டப்பா விளம்பரத்தை நம்பி நீட்டக் கூடாது. நகருக்குள் ஓடும் பி.எஸ்.6-க்கு, கையேடு அனுமதிக்கும் குறைசாம்பல் ஆயில்களில் விலை குறைந்ததை வாங்கி, பாதித் தூரத்திலேயே மாற்றுங்கள். வாரம் ஒருமுறை கம்பியைப் பாருங்கள்.

தோட்டத்தில் நின்று ஆண்டுக்கு நாலாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கே வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சிறு தூரம் ஓடி நிற்கும் இன்ஜினில் ஈரமும் அமிலமும் வெளியேறாமல் ஆயிலிலேயே தங்கும்.

எதைத் தேர்ந்தாலும் ஃபில்டரை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள். பழைய ஃபில்டரில் நிற்கும் அழுக்கு ஆயில் புதியதோடு கலந்துவிடும். தேய்மானம் குறையும் என்று தனியாக விற்கும் சின்னப் பாட்டில்களை ஊற்றிக் கலவையைக் குலைக்க வேண்டாம். முத்திரை உடையாத டப்பாவை நீங்களே வாங்கிக்கொண்டு பட்டறைக்குப் போங்கள், உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். காலி டப்பாவைக் கத்தியால் கிழித்துவிட்டு வாருங்கள், இல்லாவிட்டால் அதில் போலி ஆயில் நிரம்பி வேறொருவர் வண்டிக்குப் போகும்.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டியில் முந்தையவர் எதை ஊற்றினார் என்று தெரியாவிட்டால், ஃபிளஷ் திரவம் வேண்டாம், அது அடியில் படிந்த கசடைக் கட்டிகட்டியாகப் பெயர்த்து ஆயில் சல்லடையில் கொண்டுபோய் அடைக்கும். வாங்கிய அன்றே ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, 2,000 கிலோமீட்டரில் இன்னொருமுறை மாற்றி, அதன் பிறகு வழக்கமான கணக்கைத் தொடங்கலாம்.