வெள்ளியா, வெள்ளையா? ஒரு கடைவாய்ப் பல் கணக்கு

என் வாயில் இடது கடைவாய்ப் பல்லில் அமால்கம் எனும் வெள்ளி நிற உலோகக் கலவை அடைப்பு. வலப்பக்கம் பல் நிறத்திலேயே இருக்கும் காம்போசிட் ரெசின் அடைப்பு. சென்ற மாதம் மூன்றாவதாக ஒரு சொத்தை தலைகாட்டியபோது, யோசிக்காமல் காம்போசிட்டையே கேட்டேன். அழகுக்காக அல்ல, கடைவாயை யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்?

ஆயுள் என்று பார்த்தால் அமால்கத்தின் கைதான் ஓங்கியிருக்கிறது. எடையில் ஏறத்தாழப் பாதி பாதரசம் என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2025 தொடக்கத்திலிருந்து அதன் பயன்பாட்டைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டது. ஆனால் அது கொஞ்சம் ஈரத்தையும் பொறுத்துக்கொள்ளும். காம்போசிட்டோ தொட்டாற்சிணுங்கி. ஒட்டும் வேளையில் எச்சில் பட்டால் பிடிப்பே கெட்டுவிடும். ஒளியில் இறுகும்போது சற்றுச் சுருங்கவும் செய்யும். அதனால்தான் 2 மில்லிமீட்டர் அளவில் அடுக்கடுக்காக வைக்கிறார்கள்.

இத்தனைக்குப் பிறகும் நான் காம்போசிட் பக்கம் நிற்பதற்குக் காரணம், பழுதுபார்க்கும் வசதி. அமால்கம் தானாகப் பல்லில் ஒட்டாது. அது கழன்றுவிடாமலிருக்கக் குழியை உள்ளே அகலமாகக் குடைய வேண்டும். நல்ல பல்லும் சேர்ந்து போகும். என் இடதுபுற அடைப்பு ஓரம் உடைந்தபோது முழுவதையும் பெயர்த்துத்தான் மாற்றினார்கள். குழி முன்பைவிடப் பெரிதாகிவிட்டது. இன்னொரு முறை என்றால் பல்லுக்கு உறை போட வேண்டியிருக்கும் என்று மருத்துவர் அப்போதே சொல்லிவிட்டார். அமால்கத்தையும் சில நேரம் பகுதியாகச் சரிசெய்வதுண்டு. எனக்கு அந்த யோகம் இல்லை.

வலப்பக்கத்தில் ஆறாம் ஆண்டு, பல் இடுக்கில் விடும் ஃப்ளாஸ் நூல் ஒரே இடத்தில் நார்நாராகப் பிரிந்தது. அடைப்பின் விளிம்பில் மெல்லிய பழுப்புக் கோடு. மருத்துவர் அந்த ஓரத்தை மட்டும் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, அமிலம் தடவிக் கழுவி, பசை பூசி, புது ரெசினை வைத்து நீல ஒளி காட்டினார். மரத்துப்போகும் ஊசிகூட வேண்டியிருக்கவில்லை. மீதி அடைப்பு பழையதுதான். இப்போது அதற்கு ஒன்பது வயது.

என்னுடையது சிறிய குழி என்பதையும் சொல்லிவிட வேண்டும். பல்லின் மேடுகளே உடைந்துபோனவர்களுக்கும், ஈறுக்குக் கீழே சொத்தை இறங்கியவர்களுக்கும் என் அனுபவம் உதவாது. அடிக்கடி சொத்தை வருபவர்களும் யோசிக்க வேண்டும்: காம்போசிட் தோற்றுப்போவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, விளிம்பில் புதிதாகப் பிடிக்கும் சொத்தை. ஆகவே இரவில் வலப்பக்கம் நூல் விடும்போது மட்டும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன், நார் பிரிந்திருக்கிறதா என்று.