வளவில் நடப்பதா, பழனிக்கு நடப்பதா?

நடந்துகொண்டே யோசிக்கிறவர்களுக்குச் செட்டிநாட்டில் இரண்டு வழி உண்டு. ஒன்று, வீட்டு வளவு, அதாவது நடு முற்றமும் அதைச் சுற்றித் தூண் வைத்த தாழ்வாரமும். கணக்கு இடித்தால் எங்கள் ஐயா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முற்றத்தைச் சுற்றிச் சுற்றி வருவார். ஆத்தங்குடிக் கல் உள்ளங்காலுக்கு ஜில்லென்று இருக்கும்; வழி பார்க்கிற வேலையும் இல்லை. டார்வின்கூட இங்கிலாந்தில் டவுன் (Downe) என்கிற கிராமத்து வீட்டுப் பக்கம் மணல் பாதை போட்டு இப்படித்தான் சுற்றினார்.

2014-இல் ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள் வெற்றுச் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடக்கவிட்டபோதும், உட்கார்ந்திருந்ததைவிடப் புது யோசனைகள் கூடுதலாக வந்தன. ஒரே சரியான விடையைத் தேடும் வேலைக்கு மட்டும் நடை கைகொடுக்கவில்லை. அப்போ ஐயாவின் கணக்கு? உட்கார்ந்தே போட்டிருக்கலாம் போல!

இன்னொன்று, தைப்பூச நடை. குன்றக்குடியிலிருந்து காவடியோடு நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனி. முதல் நாள் கடைப் பாக்கி மனசில் ஓடும். மூன்றாம் நாள் கொப்புளம் மட்டும்தான். யோசனையை இறக்கிவைக்க அது சரி. யோசிக்க எனக்கு வளவுதான். மழை வந்தாலும் தூணோரமாக ஒதுங்கி நடக்கலாம்.