தொடைக்குக் கரண்ட், தோளுக்கு டியூப்: முள்ளந்தண்டுக் காயத்துக்குப் பிறகான பாவனை அனுபவம்

காயம் எந்த மட்டத்தில் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த விஷயத்தில் மிச்சமெல்லாம் அதைப் பொறுத்ததுதான். 2018 இல் மோட்டார் சைக்கிள் விபத்து. நெஞ்சுப் பகுதியின் 5ஆவது முள்ளெலும்பு மட்டத்தில் முழுமையான காயம். கை இரண்டும் நல்ல பலம். மார்புக்குக் கீழே உணர்வும் இல்லை, அசைவும் இல்லை, ஆனால் கால்கள் அடிக்கடி தாமாகவே வெட்டி இழுக்கும். கழுத்தில் அடிபட்டவருக்கும் இடுப்பில் அடிபட்டவருக்கும் நான் எழுதுவதில் பாதி பொருந்தாது.

தசை எவ்வளவு கெதியாகக் கரையும் என்பதைக் கட்டிலில் கிடந்த காலத்தில் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. காயம்பட்டு 6 கிழமையில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், கால் தசைகளின் குறுக்குப் பரப்பு காயமில்லாதவர்களைவிட 18 முதல் 46 வீதம் குறைவாக இருந்தது. போன தசைக்குள் கொழுப்பு புகுந்துவிடும். மிஞ்சும் நார்களும் நெடுநேரம் தாங்குகிற வகையில் இருந்து சீக்கிரம் களைக்கிற வகைக்கு மாறும். வீட்டுக்கு வந்து பழைய ஜீன்ஸைப் போட்டபோது தொடையில் துணி சுருங்கித் தொங்கியது. அதைவிடப் பெரிய பிரச்சினை பின்பக்கம்: எலும்புக்கும் இருக்கைக்கும் இடையில் தோல் மட்டும் மிஞ்சினால் படுக்கைப்புண்ணுக்கு அதிக நேரம் எடுக்காது.

நான் அதிக காலம் பாவித்தது கையடக்கமான, இரண்டு சானல் தசை தூண்டும் மெஷின். வாங்குவதற்கு முன், கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு வந்த பிசியோ செய்தது ஒரே ஒரு சோதனை. முழங்காற்சில்லுக்குக் கீழே சின்னச் சுத்தியலால் தட்டினார். கால் உதைத்தது.

“அப்ப வேலை செய்யும் அண்ணா. ஆனா இது நடக்கிறதுக்கு இல்ல, அதை முதலே சொல்லிப்போடுறன்.”

அந்தப் பிள்ளைக்கு இன்றுவரை நன்றி. முள்ளந்தண்டு வடத்தில் இருந்து தசைக்குப் போகிற நரம்பு உயிரோடு இருந்தால்தான் அதைத் தூண்டித் தசையைச் சுருக்கலாம். வடத்தின் அடிநுனியோ அதற்குக் கீழுள்ள நரம்புக் கற்றையோ சிதைந்து, கால் தொளதொளத்துக் கிடப்பவர்களுக்கு இந்த மெஷினால் பெரிதாகப் பலன் இராது. விற்கிறவர் இதைக் கேட்கமாட்டார். பாமசியில் வலிக்கென்று விற்கிற டென்ஸ் மெஷினும் இதுவும் ஒன்றல்ல. பெட்டி ஒரே மாதிரி இருப்பதைப் பார்த்து ஏமாறவேண்டாம்.

பாவிக்கிற விதம் இதுதான். கதிரையில் நிமிர்ந்து இருந்து, ஒரு ஒட்டுப் பாட் தொடையின் மேற்பக்கத்தில், மற்றது முழங்காலுக்கு நாலு விரல் மேலே சற்று உட்பக்கமாக. கரண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட, முதலில் தோலுக்குக் கீழே புழு நெளிவது போல ஒரு துடிப்பு. இன்னும் கூட்டினால் தொடை திரண்டு இறுகி, குதிக்கால் பலகையை விட்டு எழும்பி, முழங்கால் மெதுவாக நீளும். சில விநாடி பிடித்து, பிறகு இறக்கம். உணர்வு இல்லாத இடத்தில் பாட் சுட்டாலும் தெரியாது, ஆகவே கழற்றியதும் தோலைக் கண்ணால் பார்த்தே ஆகவேண்டும். கொழும்பின் புழுக்கத்தில் பாட்டின் பசை சீக்கிரம் போய்விடும். நான் ஒரு சொட்டுத் தண்ணீர் தடவி, பிளாஸ்ரிக் தாளில் ஒட்டி, குளிர்சாதனப் பெட்டியில் தயிர்ச் சட்டிக்குப் பக்கத்தில் வைப்பேன். அம்மாவுக்கு அது பிடிக்காது.

இன்னொரு எச்சரிக்கை. நெஞ்சின் 6ஆவது முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலேயோ காயமுள்ளவர்களுக்கு, காயத்துக்குக் கீழே ஏதாவது உறுத்தினால் இரத்த அழுத்தம் சடாரென்று ஏறலாம். நிரம்பிய சிறுநீர்ப்பை, அடைத்த கதீற்றர் (சிறுநீர்க் குழாய்), இறுகிய பெல்ட், சிலவேளை இந்தக் கரண்டே கூடப் போதும். தலை பிளக்கிற மாதிரி இடிக்கும், முகம் சிவந்து வியர்க்கும். மெஷினை நிறுத்தி, கால்களைக் கீழே தொங்கவிட்டு நிமிர்ந்து இருந்து, உடுப்பைத் தளர்த்தி, கதீற்றரைப் பார்க்கவேண்டும். அடங்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரிதான். எங்கள் வீட்டில் கதீற்றரைப் பார்க்காமல் மெஷினைத் தொடுவதே இல்லை.

பலன்? தொடையின் சுற்றளவு கூடியது, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு பாராட்டும் அளவுக்கு இல்லை. கால் வீக்கம் குறைந்தது. மாலையில் செய்தால் இரவு இழுப்பு குறைவு. கால் கொஞ்சம் திரண்டு தெரிவதில் ஒரு சந்தோஷமும் உண்டு, அதை ஏன் மறைக்கவேண்டும்.

2022 இல், இலங்கையின் பொருளாதார நெருக்கடியில், எல்லாம் நின்றது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு, லிஃப்ட் ஓடாது, பெற்றோல் வரிசையில் ஓட்டோக்கள் நிற்க, பிசியோவும் வரமுடியவில்லை. மெஷின் பற்றரியில் ஓடும்தான், ஆனால் ரூபாய் விழுந்த வேகத்தில் புதிய பாட் வாங்கக் கட்டுப்படியாகவில்லை. சில மாதங்களில் தொடை பழையபடி மெலிந்தது. கரண்டால் வளர்த்த தசை வாடகை வீடு மாதிரி, கட்டுகிறவரைக்கும்தான் உங்களுடையது.

ஆனால் அந்த மாதங்களிலும் நிற்காத ஒன்று இருந்தது: ஜன்னல் கம்பியில் கட்டிய சைக்கிள் டியூப். இவ்வளவு காலப் பாவனையில் எனக்கு அதிகம் உதவியது அதுதான் என்று தயங்காமல் சொல்லுவேன். காரணம் எளிது. கட்டிலுக்கு, கொமட்டுக்கு, ஓட்டோவுக்கு என்று உடம்பைத் தூக்கி மாற்றுகிற வேலையெல்லாம் இப்போது தோளுக்கு. தோள் மூட்டு அதற்காகப் படைக்கப்பட்டதல்ல. வீல்செயாரைத் தள்ளத் தள்ள நெஞ்சும் தோளின் முன்பக்கமும் பலக்கும், பின்பக்கம் பின்தங்கும். மூட்டின் உருண்டை மேலே ஏறித் தசைநாணை நசுக்கத் தொடங்கும். அதற்குப் பிறகு வருகிற வலி, கால் போனதைவிட ஒருவரை அதிகமாக வீட்டுக்குள் அடைத்துவிடும்.

ஆகவே நான் செய்வது இழுவைதான். டியூப்பைக் கம்பியில் சுற்றி, முழங்கையை விலாவோடு வைத்து, தோள்பட்டை எலும்புகள் இரண்டும் நெருங்கும்வரை பின்னுக்கு இழுப்பது ஒன்று. முழங்கையை அசைக்காமல் முன்கையை மட்டும் வெளிப்பக்கம் திருப்புவது மற்றது. 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், ஸ்டோக் மான்டவில் ஆஸ்பத்திரியில் வைத்தியர் லுட்விக் குட்மன் நடத்திய முதல் போட்டியில் வீல்செயாரில் இருந்த 16 பேர் செய்தது வில்வித்தை. பாராலிம்பிக் அங்கிருந்து வளர்ந்த கதை எல்லோருக்கும் தெரியும். வில்லை இழுப்பதும் என் டியூப்பும் கிட்டத்தட்ட அதே தசைகளுக்குத்தான் வேலை கொடுக்கின்றன என்பதில் எனக்கொரு தனிப்பெருமை. வண்ண வண்ணமாக விற்கிற றப்பர் பட்டிகளும் நல்லவைதான், ஆனால் எங்கள் வெயிலில் வெடிக்கும். பங்சர் கடை டியூப் வெடிக்காது.

இதோடு சேர்ந்தது: கையை ஊன்றி உடம்பை இருக்கையை விட்டுத் தூக்குவதைக் குறைத்து, முழங்காலை நோக்கி முன்னுக்குச் சாய்ந்து இரண்டு நிமிடம் இருப்பது. புட்டத்துக்கு இரத்தம் ஓடும், தோளுக்கும் ஓய்வு. தள்ளும்போதும் குட்டிக் குட்டியாக அடிக்காமல் நீளமாகத் தள்ளிவிட்டுக் கையைக் கீழே விட்டுவிடவேண்டும்.

மூச்சு வாங்குகிற பயிற்சிக்குக் கடற்கரையோர மரைன் டிரைவ் வீதி. விடியற்காலையில் மட்டும். காயத்துக்குக் கீழே எனக்கு வியர்க்காது, அதனால் உடம்பு தானாக ஆறாது; செடிக்குத் தெளிக்கிற ஸ்பிரே போத்தல் ஒன்று மடியில் இருக்கும். முள்ளந்தண்டுக் காயமுள்ளவர்களுக்கென்று 2018 இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் கேட்பது அவ்வளவு பெரிதல்ல: உடல்தகுதிக்கு, கிழமைக்கு 2 தடவை குறைந்தது 20 நிமிடம் மூச்சு வாங்குகிற பயிற்சி, அசைகிற ஒவ்வொரு பெரிய தசைத் தொகுதிக்கும் 3 சுற்றுப் பலப்பயிற்சி, அதுவும் கிழமைக்கு 2 தடவை. வேலைக்குப் போகிறவருக்கும் கட்டுப்படியாகும். தடை நடைபாதைதான், அதன் விளிம்பில் சரிவு வைத்தவர் நடுவில் கம்பமும் நட்டிருப்பார்.

உடம்பைத் தாங்கி நிற்கவைக்கிற சட்டகமும் வைத்திருந்தேன். முதல் நாட்களில் தலை சுற்றும், பிறகு இழுப்புக்கு நல்லது. தசைக்கு ஒன்றும் செய்யவில்லை. அறையில் பாதி இடம் அதற்கே போனதால் கொட்டாஞ்சேனையில் ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். கரண்டில் கால் மிதிக்கிற சைக்கிளைத் தனியார் நிலையமொன்றில் பாவித்தேன். சைக்கிள் நன்றாக இருந்தது, கட்டணம்தான் நன்றாக இல்லை.

மெஷினைத் திரும்பத் தொடங்கிவிட்டேன். 12 கிழமை, கிழமைக்கு 2 நாள், கணுக்காலில் பாரம் கட்டி முழங்காலை நீட்டவைத்த ஒரு சின்ன ஆய்வில் தொடைத் தசை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வளர்ந்தது. நான் இதுவரை பாரம் கட்டியதில்லை. ஆனால் பாரம் தாங்காத கால் எலும்பும் மெலியும், அதுவும் முழங்காலைச் சுற்றித்தான் அதிகம். இறுகிய தசையே அந்த எலும்பை உடைத்துவிடலாம். எலும்பு அடர்த்தி ஸ்கானுக்கு எழுதித் தந்திருக்கிறார்கள். அது வரும்வரை பாரம் கட்டாத வெறுங்கால்தான்.