தானி எடிட்டரில் பைத்தான்: நீண்ட காலப் பயன்பாட்டில் தெரிந்தவை

பைத்தான் நிரல்மொழி கற்கத் தொடங்குபவர் ஒரு வரி எழுதுவதற்கு முன்பே இன்ஸ்டலேஷனில் மாட்டிக்கொள்வார். விண்டோஸில் நிறுவும்போது 'பாத்'தில் (நிரல்களை விண்டோஸ் தேடும் இடங்களின் பட்டியல்) சேர்க்கச் சொல்லும் கட்டத்தை டிக் செய்யாமல் விட்டால், கமாண்ட் பிராம்ப்ட் பைத்தானைத் தெரியவே தெரியாது என்று கைவிரித்துவிடும். தானியில் (Thonny) இந்தத் தலைவலி இல்லை. எஸ்தோனியாவின் தார்த்து பல்கலைக்கழகத்தில் உருவான இந்த இலவச எடிட்டர், விண்டோஸில் பைத்தானையும் சேர்த்தே நிறுவிக்கொள்கிறது. 4-ஆம் பதிப்பில் இருப்பது பைத்தான் 3.10. ராஸ்பெரி பை என்ற சிறு கணினியின் ஓஎஸ்ஸில் தானி ஏற்கெனவே இருக்கும்.

திறந்ததும் 'வியூ' மெனுவில் 'வேரியபிள்ஸ்' என்பதை டிக் செய்துவிடுங்கள். புதியவர்கள் கேட்கும் கேள்விகள் பலவற்றுக்கு விடை அந்தச் சின்ன ஜன்னலில்தான் இருக்கிறது. இன்புட் வழியாக இரண்டு எண்கள் வாங்கிக் கூட்டும் நிரலையே எடுத்துக்கொள்வோம். 10, 20 கொடுத்தால் 30-க்குப் பதில் 1020 வரும். ஜன்னலைப் பார்த்தால் 10 மேற்கோள்குறிக்குள் இருக்கும். அதாவது அது எண்ணாக இல்லை, எழுத்துச் சரமாக (ஸ்ட்ரிங்) இருக்கிறது. இன்புட் எதை வாங்கினாலும் சரமாகத்தான் தரும், எனவே வாங்கும் இடத்திலேயே முழு எண்ணாக மாற்றும் இன்ட் (int) போட வேண்டும். சிலர் கூட்டி முடித்த பிறகு இன்ட் போடுவார்கள். அப்போது மேற்கோள்குறி காணாமல் போகும், விடை மட்டும் அதே 1020! இன்ட் போட்ட இடத்தில் 12.5 கொடுத்தாலோ, ஒன்றும் தராமல் என்டர் தட்டினாலோ வேல்யூ எரர் வரும். தசம எண்ணுக்கு ஃப்ளோட் வேண்டும்.

அடுத்த பலம் டீபக்கர், அதாவது நிரலை ஓட்டியபடியே பிழை தேடும் கருவி. கன்ட்ரோல்+எஃப்5 தட்டித் தொடங்கி, எஃப்6-இல் வரி வரியாக நகரலாம். எஃப்7 ஒரு வரிக்குள் நுழைந்து ஒவ்வொரு கணக்கும் எந்த மதிப்பாக மாறுகிறது என்று காட்டும். 2, 4, 5, 6 உள்ள லிஸ்டில் (பட்டியலில்) ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கும் ஃபார் லூப் போட்டு இரட்டை எண்களை நீக்கிப் பாருங்கள். மிஞ்சுவது 4, 5. 4 எப்படித் தப்பியது? 2-ஐ நீக்கியதும் 4 அதன் இடத்துக்கு நகர்ந்துவிடுகிறது, லூப்போ அடுத்த இடத்துக்குப் போய் 5-ஐப் பார்க்கிறது. எஃப்6-ஐ நாலைந்து முறை தட்டினாலே இது கண்ணுக்குத் தெரியும். வாயால் விளக்கினால் அரை மணி நேரம் ஆகும். தீர்வு: லிஸ்டின் நகலில் லூப் ஓட்டுங்கள், அல்லது வேண்டியவற்றை மட்டும் புதிய லிஸ்டில் சேருங்கள்.

மூடாத அடைப்புக்குறியும் மேற்கோள்குறியும் எழுதும்போதே நிறம் மாறித் தெரிந்துவிடும். 3.10-க்கு முந்தைய பைத்தான்களில் அடைப்புக்குறியை மூட மறந்தால் பழி பெரும்பாலும் அடுத்த வரி மேல் விழும், 3.10 மூடாத குறியையே சுட்டிக்காட்டுகிறது. இணையத்தில் பழைய விடைகளைப் படிப்பவர்கள் இந்த வித்தியாசத்தை நினைவில் வைக்க வேண்டும்.

பைத்தானிலேயே 'ரேண்டம்' என்று ஒரு மாட்யூல் உண்டு, ஏதோ ஓர் எண்ணைத் தரும் ரேண்டின்ட் அதில்தான் இருக்கிறது. தங்கள் கோப்புக்கும் அதே பெயரை வைத்துவிட்டு, 'ரேண்டின்ட் இல்லை என்கிறதே' என்று கேட்பவர்கள் தீர்ந்தபாடில்லை. இம்போர்ட் செய்யும்போது பைத்தான் உங்கள் கோப்பையே முதலில் எடுத்துக்கொள்வதுதான் காரணம். இப்படிப் பெயர் வைத்துச் சேமிக்கப் போனால் தானி முன்கூட்டியே எச்சரிக்கும். எச்சரிக்கையைப் படிக்காமல் ஓகே தட்டுபவருக்கு எந்த எடிட்டரும் உதவ முடியாது.

தமிழில் தரவு வைத்திருப்பவர்களுக்கு இரண்டு குறிப்புகள். 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தை, நீளம் அளக்கும் லென் (len) 5 என்று சொல்லும், ஏனெனில் இகரக் குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. இரண்டாவது, கோப்பைத் திறக்கும்போது என்கோடிங் (குறியீட்டு முறை) யூடிஎஃப்-8 என்று எப்போதும் எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் பல விண்டோஸ் கணினிகளில் பைத்தான் 1252 என்ற பழைய குறியீட்டு முறையில் படிக்க முயலும். நம் புள்ளியின் கடைசி பைட்டுக்கு அந்த முறையில் எழுத்தே கிடையாது, அதனால் யூனிகோட் டீகோட் எரர்.

இனி குறைகள். கமாண்ட் பிராம்ப்டில் பிப் (pip) என்ற நிறுவும் கருவி வழியாகப் போட்ட பேக்கேஜ் (கூடுதல் நிரல் தொகுப்பு) தானிக்குத் தெரியாது, 'மாட்யூல் நாட் ஃபவுண்ட்' என்று வரும். தானியின் பைத்தான் வேறு, கணினியில் உள்ள பைத்தான் வேறு. 'டூல்ஸ்' மெனுவில் 'மேனேஜ் பேக்கேஜஸ்' வழியாக நிறுவுங்கள், அல்லது வலது கீழ் மூலையில் கிளிக் செய்து கணினியின் பைத்தானுக்கு மாற்றுங்கள். டீபக்கர் பெரிய லூப்களில் ஆமை வேகம். லட்சம் முறை சுற்றும் நிரலை அதில் ஓட்டாதீர்கள், பத்துச் சுற்றுக்குச் சுருக்கிச் சோதியுங்கள். முடிவில்லாத லூப்பில் சிக்கினால் கன்ட்ரோல்+எஃப்2.

நிரலில் செய்த மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) வசதி இல்லை. நாலைந்து கோப்புகள் கொண்ட புராஜெக்ட் என்றாலே மூச்சு வாங்கும். என்னைக் கேட்டால், ஃபங்ஷன், லிஸ்ட், டிக்‌ஷனரி மூன்றும் கைக்கு வரும்வரை தானி போதும். கிளாஸ்களைத் தனிக் கோப்புகளாகப் பிரித்து எழுதத் தொடங்கும்போது விஎஸ் கோடு (VS Code) எடிட்டருக்கு மாறிவிடலாம்.